டாக்டருக்கு மூளை மட்டும் போதுமா? ‘ஹவுஸ்’ பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி

7 ஜூன் 2025, இரவு 11.10 — இழையைத் தொடங்கியவர்: ராக்கோழி

யாருக்கும் பிடிபடாத நோயைக் கண்டுபிடிக்கும் ஹவுஸ் என்ற முரட்டு டாக்டரின் கதைதான் ‘ஹவுஸ்’ தொடர். எட்டு சீசனையும் பார்த்து முடித்துவிட்டேன். மொத்தம் 177 எபிசோடு. என் முடிவு: டாக்டருக்கு மூளை போதும். சிரித்துப் பேசுவது, தோளைத் தட்டுவது எல்லாம் வேறு யாராவது செய்துகொள்ளட்டும். புதிதாக யோசிக்கிற ஒரு முரடன் பத்து நல்லவர்களுக்குச் சமம். மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள். சும்மா ‘மனிதாபிமானம்’ என்று ஆரம்பிக்க வேண்டாம்.

8 ஜூன், காலை 6.20

சரி ராக்கோழி, மனிதாபிமானத்தில் ஆரம்பிக்கவில்லை. மெஷினிலிருந்து ஆரம்பிக்கிறேன். என் பிழைப்பு அது. பதினேழு வருடமாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் வென்டிலேட்டர், மானிட்டர், இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டீஃபிப் எல்லாம் பழுது பார்க்கிறேன். ‘ஹவுஸ்’ நானும் பார்த்தேன், ஐந்தாவது சீசன் வரை.

அதில் எனக்கு முதலில் உறுத்தியது ஹவுஸின் வாய்த்துடுக்கு அல்ல. எம்ஆர்ஐ எடுப்பவர் டாக்டர். ரத்தத்தைப் பரிசோதிப்பவர் அதே டாக்டர். மைக்ராஸ்கோப்பில் குனிந்திருப்பவரும் அவரே. சாயங்காலம் நோயாளியின் வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து குளியலறையில் பூஞ்சை தேடுவதும் அவரேதான். நிஜ எம்ஆர்ஐ அறையில் டெக்னீஷியன் இருப்பார், நோயாளியின் கொலுசையும் தாலியையும் கழற்றச் சொல்லிக் கெஞ்சும் சிஸ்டர் இருப்பார், படத்தைப் படித்து எழுதும் ரேடியாலஜிஸ்ட் வேறு எங்கோ உட்கார்ந்திருப்பார், மெஷினைக் குளிர்விக்கும் ஹீலியத்தின் அளவு பார்க்க வந்த சர்வீஸ் ஆள் மூலையில் நிற்பார். இத்தனை பேரையும் அழித்துவிட்டு நான்கு பேரை மட்டும் விட்டுவைத்தால்தான் ‘ஒரே மூளை’ என்ற கதை நிற்கும். ராக்கோழி மெச்சுகிற அந்த மூளை, சம்பளப் பட்டியலில் பாதியை அடித்துவிட்டு உண்டாக்கியது.

8 ஜூன், மதியம் 1.45

நான்கு என்றது ஹவுஸையும் சேர்த்து. கேட்டவருக்குப் பதில்.

8 ஜூன், இரவு 9.30

டீஃபிப் என்றதும் ஒருவர் “மானிட்டரில் அந்த நேர்கோடு வந்தவுடன் ஷாக் கொடுப்பார்களே, அதுவா” என்று கேட்டிருக்கிறார். அதேதான். ஆனால் நேர்கோட்டுக்கு ஷாக் கொடுப்பதில்லை. இதயம் தாறுமாறாக நடுங்கிக்கொண்டிருக்கும்போதுதான் கொடுப்பார்கள். அந்தக் கலவரத்தை ஒரே அடியில் நிறுத்திவிட்டு, இதயத்தின் சொந்தத் தாளம் திரும்புகிறதா என்று காத்திருப்பார்கள். நேர்கோடு என்றால் நிறுத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. மார்பை அழுத்துவதும் அட்ரினலின் போடுவதும்தான் வழி.

டிவிக்கு நேர்கோடு ஏன் பிடிக்கும் என்றால், வீட்டில் காய் நறுக்கிக்கொண்டு பார்ப்பவருக்கும் அது புரியும். நடுங்கும் கோடு எங்கள் ட்ரெயினிங் பையன்களுக்கே மூன்றாம் மாதம்தான் பிடிபடுகிறது.

இன்னொன்று, சினிமாவிலும் டிவியிலும் ஆள் கட்டிலிலிருந்து ஒரு அடி எம்பி விழுவார். மார்பில் வைக்கும் பேடு இரண்டையும் ஒன்றோடு ஒன்று தேய்ப்பார்கள். தேய்த்தால் உலோகத் தகடு கீறலாகி, அடுத்த நோயாளியின் தோல் பொசுங்கும். ஜெல்லியைத் தடவுவதற்குத் தனி ட்யூப் இருக்கிறது. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை காய்ந்துவிட்டது.

9 ஜூன், காலை 7.05

“கதைதானே, யாருக்கு என்ன நஷ்டம்?” என்கிறார் ஒருவர்.

டிவியில் நின்ற இதயம் எத்தனை தடவை திரும்புகிறது என்று எண்ணியே பார்த்திருக்கிறார்கள். 1996இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்தது. ‘ஈஆர்’, ‘சிகாகோ ஹோப்’, ‘ரெஸ்க்யூ 911’ என மூன்று தொடர்களில் 97 எபிசோடுகளை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். 60 தடவை சிபிஆர், அதாவது மார்பை அழுத்தி உயிரை மீட்கும் முயற்சி, நடக்கிறது. அதில் நூற்றுக்கு 75 பேருக்கு அந்த நேரத்தில் உயிர் திரும்பிவிடுகிறது. 67 பேர் பிழைத்து வீடு திரும்புவதாகக் காட்டுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே இதயம் நின்றவர்களில் அன்றைய நிஜக் கணக்கு நூற்றுக்குப் பதினைந்தைத் தொட்டாலே பெரிது. அதோடு டிவியில் இதயம் நிற்பது பெரும்பாலும் சின்ன வயதுக்காரர்களுக்கு. நிஜத்தில் நிற்பது கிழங்களுக்கு.

நஷ்டம் யாருக்கு என்பதற்கு என் வீட்டுக் கதை ஒன்று உண்டு. எழுதலாமா வேண்டாமா என்று இருக்கிறது.

9 ஜூன், இரவு 11.50

எழுதிவிடுகிறேன்.

2012. சித்தப்பாவுக்கு 71 வயது. சிறுநீரகம் போய், நெஞ்சில் சளி கட்டி, வென்டிலேட்டரில் மூன்றாவது வாரம். ராத்திரி இரண்டு மணிக்கு ட்யூட்டி டாக்டர் வெளியே வந்தார். சின்னப் பெண், முப்பது கூட இருக்காது. “ஒரு தடவை நின்னு திரும்ப வந்திருக்கு. மறுபடி நின்னா அழுத்தணுமா, விட்டுடலாமா, நீங்க முடிவு சொல்லுங்க” என்றார். தம்பி (சித்தப்பா மகன்) யோசிக்கவே இல்லை. “அழுத்துங்க. ஷாக் கொடுங்க. டிவில எழுந்து உட்கார்றாங்களே” என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே சிபிஆர் அதுதான்.

முதல் தடவை அழுத்தியதிலேயே விலா எலும்பு போயிருந்தது. எனக்குத் தெரியும். கணக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. விட்டுடலாம் என்று அண்ணன் மகன் சொன்னதாக நாளைக்குப் பேச்சு வரும் என்ற பயம். அரை மணி நேரம் கழித்து மறுபடி நின்றது. உள்ளே அழுத்துகிறார்கள், ஆள் மாற்றி ஆள். கதவுக் கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தது டீஃபிப்பின் பச்சை விளக்கை. போன வாரம்தான் அதற்கு பேட்டரி மாற்றியிருந்தேன். சார்ஜ் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதை அவர்கள் எடுக்கவே இல்லை, நேர்கோடு.

சரி. தொடருங்கள்.

11 ஜூன், காலை 6.40

இரண்டு நாள் யாரும் பேசவில்லை, என்னால்தான். அதற்குள் ராக்கோழி ஒரு குண்டு போட்டிருக்கிறார்: “ஹவுஸ் தொடர் நிஜமாகவே ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, ஜெர்மனியில்.”

உண்மை. ஒப்புக்கொள்கிறேன். 2012, மார்பர்க் நகரம். 55 வயது மனிதர். இதயம் பலவீனம், காய்ச்சல், கண் கிட்டத்தட்ட போய்விட்டது, காது மந்தம், தைராய்டு வேலை செய்யவில்லை. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. பேராசிரியர் யூர்கன் ஷேஃபர் என்பவரிடம் வருகிறார். ஷேஃபர் தன் மாணவர்களுக்கு ‘ஹவுஸ்’ எபிசோடுகளைப் போட்டுக் காட்டிப் பாடம் நடத்துகிறவர். ஏழாவது சீசனில் ஹவுஸின் மேலதிகாரி டாக்டர் கடி (Cuddy), அவருடைய அம்மாவுக்கு வரும் நோய் இதேபோல் இருக்கிறதே என்று உடனே பொறி தட்டியிருக்கிறது. கோபால்ட் விஷம். அந்த மனிதருக்கு முன்பு வைத்த பீங்கான் இடுப்பு மூட்டு உடைந்து, அதை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்திருந்தார்கள். உள்ளே தங்கிப்போன பீங்கான் துணுக்குகள் உலோகத்தை உப்புத்தாள் மாதிரி தேய்த்துத் தேய்த்து, அதிலிருந்த கோபால்ட் ரத்தத்தில் கலந்திருக்கிறது. மூட்டை மறுபடி மாற்றினார்கள். இதயம் தேறியது. கண்ணும் காதும் பெரிதாகத் திரும்பவில்லை. 2014இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்.

மதிப்பெண் ராக்கோழிக்கே. இருந்தாலும் ஒன்றைப் பாருங்கள்: அவரைச் சாகடிக்கப் பார்த்தது ஒரு மருத்துவப் புதுமை, அந்த மூட்டு. கண்டுபிடித்தவர் மாணவர்களோடு உட்கார்ந்து டிவி பார்க்கிற வாத்தியார்.

11 ஜூன், இரவு 8.15

“புதுமை என்றால் ‘த நிக்’ பாருங்கள்” என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தொடரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன். சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

11 ஜூன், இரவு 10.50

2014, 2015 என்று இரண்டே சீசன், 20 எபிசோடு, எல்லாவற்றையும் ஸ்டீவன் சோடர்பெர்க் ஒருவரே இயக்கினார். கதை நடப்பது 1900ஆம் ஆண்டு நியூயார்க்கின் ஓர் ஆஸ்பத்திரியில்.

முதல் எபிசோடில் நஞ்சுக்கொடி கீழே இறங்கிப்போன கர்ப்பிணிக்கு சிசேரியன். வட்டமாகப் படிக்கட்டு மாதிரி ஏறிப்போகும் பெஞ்சுகளில் கோட்டு போட்ட பெரிய மனிதர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். சக்ஷன் மெஷினைக் கையால் சுற்றுகிறார்கள். ரத்தம் கண்ணாடி ஜாடியில் ஏறுகிறது. நான் ரத்தத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கைப்பிடியைத்தான் பார்த்தேன். சுற்றுகிற கை தளர்ந்தால் உறிஞ்சும் வேகம் குறையும். இன்று சுவரில் மீட்டர் முள் அசைந்தாலே என்னைக் கூப்பிடுகிறார்கள். தாயும் போய்விடுகிறாள், பிள்ளையும் போய்விடுகிறது. அந்த அறுவையைப் பலமுறை முயன்று தோற்ற மூத்த சர்ஜன் தன் அறைக்குப் போய்த் துப்பாக்கியால் சுட்டுக்கொள்கிறார். அவர் இடத்துக்கு வருகிற தாக்கரி, கோகெய்ன் அடிமை.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு மின்சாரம் வருகிறது. மேலாளர் கான்ட்ராக்டில் காசு அடித்ததால் வயரிங் மட்டம். ஆபரேஷன் நடுவே தீப்பிடிக்கிறது, ஒரு நர்ஸ் ஷாக் அடித்துச் சாகிறாள். எத்தனை மருத்துவத் தொடர் பார்த்திருப்பேன், வயரிங் சரியில்லாததால் ஓர் உயிர் போவதை அதில்தான் பார்த்தேன். எழுந்து நின்று கைதட்டினேன். வீட்டில் பயந்துவிட்டார்கள்.

தாக்கரிக்கு முன்மாதிரி வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற நிஜ அமெரிக்க சர்ஜன். 1884-85இல் கோகெய்னை நரம்பில் ஊசியாகப் போட்டு மரத்துப்போகச் செய்யலாம் என்று தன் மேலேயே போட்டுப் பார்த்து, அதற்கே அடிமையானவர். மீட்க மருத்துவமனையில் சேர்த்து மார்ஃபின் கொடுத்தார்கள். அதுவும் ஒட்டிக்கொண்டது. தொடரில் தாக்கரியைத் தெளியவைக்க ஹெராயின் கொடுப்பார்கள். பேயர் கம்பெனி 1898இலிருந்து அதை மருந்தாக விற்றுக்கொண்டிருந்தது, ஆகவே எழுத்தாளரின் கற்பனை என்று நினைக்க வேண்டாம். கிருமி வராமலிருக்க ரப்பர் கையுறையை ஆபரேஷனுக்குக் கொண்டுவந்தவரும் இதே ஹால்ஸ்டெட்.

12 ஜூன், காலை 6.10

திருத்தம். கையுறை கிருமிக்காக இல்லை. தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டேன்.

அவருடைய தியேட்டர் நர்ஸ் கரோலின் ஹாம்ப்டனுக்குக் கை கழுவும் பாதரச மருந்தால் தோல் வெடித்துப் புண்ணாகியிருக்கிறது. அவருக்காக மெல்லிய ரப்பரில் கையுறை செய்து தரும்படி குட்இயர் ரப்பர் கம்பெனிக்கு எழுதிப்போட்டார். 1890இல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். எல்லோரும் போட ஆரம்பித்து, அறுவைப் புண்ணில் சீழ் குறைகிறது என்று கண்டுகொண்டது பிறகு. ஒரு பெண்ணின் கையில் வந்த சொறியிலிருந்து வந்தது அது. ராக்கோழி, உங்கள் கட்சிக்கு இது உதவாது.

12 ஜூன், மதியம் 2.00

“அப்படியானால் ஹால்ஸ்டெட் நல்லவர் என்கிறீர்களா?” அப்படிச் சொல்லவில்லை. சாகும்வரை மார்ஃபின் போட்டுக்கொண்டுதான் கத்தி பிடித்தார். நண்பரான டாக்டர் ஆஸ்லர் அதை எழுதி மூடி வைத்த குறிப்பு 1969இல்தான் வெளியே வந்தது.

தொடரில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது முதல் சீசன் கடைசி. ரத்தத்தில் வகைகள் இருப்பதைத் தான்தான் முதலில் நிரூபிக்க வேண்டும் என்ற வெறியில் ஒரு சின்னப் பெண்ணுக்குத் தாக்கரி தன் ரத்தத்தையே ஏற்றுவான். குழந்தை மேஜையிலேயே செத்துப்போகும். நிஜத்தில் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் அந்த வகைகளைப் பிரித்து 1901இல் வெளியிட்டார். தன் ரத்தத்தையும் கூட வேலை செய்தவர்கள் ரத்தத்தையும் கண்ணாடிக் குழாயில் கலந்து, கட்டி கட்டுகிறதா என்று பார்த்தார், அவ்வளவுதான். ஒருவருக்கும் ஏற்றவில்லை. யாரும் சாகவில்லை. அதைப் படமாக எடுத்தால் இரண்டு நிமிடக் காட்சி கூடத் தேறாது.

14 ஜூன், காலை 7.30

எனக்குப் பிடித்தவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தொடர் இல்லை, 2004இல் ஹெச்பிஓ எடுத்த டிவி படம். விவியன் தாமஸ் என்பவரின் நிஜக் கதை. கறுப்பினத்தவர், தச்சு வேலை தெரிந்தவர். டாக்டருக்குப் படிக்கச் சேர்த்த பணம் 1930 வாக்கில் வங்கி திவாலானதில் போய்விட்டது. ஆல்ஃபிரட் பிளேலாக் என்ற சர்ஜனின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பதிவேட்டில் அவர் பதவி துப்புரவாளர், சம்பளமும் அதற்குரியது.

பிறவியிலேயே இதயக் கோளாறால் நீலம் பாய்ந்த குழந்தைகளுக்கு ஒரு ரத்தக்குழாயைத் திருப்பிவிட்டு நுரையீரலுக்கு ரத்தம் அனுப்பலாம் என்று யோசனை சொன்னவர் டாக்டர் ஹெலன் தாசிக். நாய்களிடம் செய்து செய்து கைப்படுத்தியவர் தாமஸ். குழந்தையின் குழாய்க்கு ஏற்ற ஊசி கிடையாது. இருந்த ஊசிகளை வெட்டிச் சின்னதாக்கிக் கூர் தீட்டினார். 1944 நவம்பர் 29, ஜான்ஸ் ஹாப்கின்ஸ். குழந்தைக்கு 15 மாதம். பிளேலாக் தையல் போட, அவர் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று, இந்தப் பக்கம் குத்துங்கள், அந்தப் பக்கம் குத்துங்கள் என்று சொன்னவர் தாமஸ். முதல் அறிக்கையில் அவர் பெயர் இல்லை. 1976இல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். அதுவும் சட்டத்தில்.

அந்த முக்காலியைப் படத்தில் பார்த்தபோது எனக்கு ஒரு ராத்திரி ஞாபகம் வந்தது. ஆபரேஷன் நடுவே, நோயாளியின் வயிறு திறந்த நிலையில், ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும் காட்டரி மெஷின் நின்றுவிட்டது. போன் வந்து ஓடினேன், பச்சைத் துணி மாட்டி உள்ளே விட்டார்கள். கோளாறு கால் பெடலின் ஒயரில். மேஜைக்குக் கீழே, சர்ஜனின் இரண்டு செருப்புக்கும் நடுவில் படுத்து ஒயரை மாற்றினேன். மேலிருந்து சொட்டு சொட்டாக சலைன் கழுத்தில் விழுகிறது. “யாருய்யா கீழ?” என்றார். “மெஷின் சார்” என்றேன். ஆள் என்று சொல்ல வரவில்லை.

14 ஜூன், இரவு 9.00

ஆமாம், “மெஷின் சார்” என்பதை என் பெயராக வைத்துக்கொள்ளலாம். ஐந்து பேர் அதையே எழுதிவிட்டீர்கள், போதும்.

15 ஜூன், மாலை 5.25

இத்தனை நாளும் நான் பேசியது ஒரு பக்கமாகவே போகிறது. எனக்கே எதிராக ஒன்று சொல்கிறேன்.

பிபிசியின் ‘கால் த மிட்வைஃப்’ பார்த்தவர்களுக்கு டாக்டர் டர்னரைத் தெரியும். லண்டன் கிழக்கு முனையின் ஏழைகளுக்கு அவர்தான் டாக்டர். அன்பானவர், நின்று கேட்பவர். ராக்கோழி கிண்டல் செய்கிற தோள் தட்டும் ரகம். கர்ப்பிணிகளின் மசக்கை வாந்திக்கு ‘டிஸ்டவல்’ எழுதிக் கொடுக்கிறார். அது தாலிடோமைடு. பிரிட்டனில் 1958இல் வந்தது, 1961 கடைசியில் திரும்பப் பெற்றார்கள். கை கால் வளராத பிள்ளைகள் பிறக்கின்றன. தான் எழுதிய சீட்டு என்று தெரிந்ததும் அந்த மனிதர் படும் பாட்டைப் பார்க்க முடியாது. அவருடைய நல்ல மனம் ஒரு பிள்ளையையும் காப்பாற்றவில்லை. வாந்தியால் அவதிப்படுகிறவளைப் பார்க்கச் சகிக்காமல்தான் எழுதினார்.

அமெரிக்காவில் அதைத் தடுத்தவர் மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்டிஏவில் புதிதாகச் சேர்ந்த ஃபிரான்சஸ் கெல்ஸி. 1960இல் விண்ணப்பம் வந்தது. ஆதாரம் போதாது, இன்னும் கொண்டு வாருங்கள் என்று கம்பெனியைத் திருப்பித் திருப்பி அனுப்பினார். பல மாதம். அவர் செய்ததெல்லாம் ஃபைலைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் இருந்தது. கோப்பு படிக்கிற பெண்ணை வைத்து எட்டு சீசன் யார் எடுப்பார்கள்?

ஆக, அன்பு இருந்தால் போதும் என்று நான் எங்காவது சொல்லியிருந்தால் வாபஸ்.

16 ஜூன், காலை 6.55

ராக்கோழி நேற்று இரவு எழுதியதைப் பார்த்தீர்களா? அவர் அம்மாவுக்கு எட்டு மாதம் வாய்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார் குடும்ப டாக்டர். தங்கமான மனிதராம். ஒவ்வொரு தடவையும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவாராம். வயிற்றில் கை வைத்து அழுத்திப் பார்த்ததில்லை. பிறகு வேறு ஒருவர், முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காதவர், ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். கணையம். இப்போது கீமோ நடக்கிறது. அம்மா தூங்கிய பிறகு இவர் ‘ஹவுஸ்’ பார்த்திருக்கிறார், தினம் மூன்று எபிசோடு.

முதல் நாளே சொல்லியிருந்தால் நான் சம்பளப் பட்டியல், ஹீலியம் என்று ஆரம்பித்திருக்க மாட்டேன். 42 நிமிடத்தில் எவனாவது கண்டுபிடிப்பான் என்று தெரிந்து ஒரு தொடரைப் பார்ப்பது எதற்காக என்று இப்போது புரிகிறது.

16 ஜூன், இரவு 10.30

“இப்போது பார்க்க ஏதாவது சொல்லுங்கள், அம்மாவோடு சேர்ந்து” என்று ராக்கோழி கேட்கிறார். ‘த நிக்’ வேண்டவே வேண்டாம். 2025இல் வந்த ‘த பிட்’ நன்றாக இருக்கிறது. ‘ஈஆர்’ தொடரில் பயிற்சி மாணவனாக வந்த நோவா வைலி இதில் நரைத்த தாடியோடு தலைமை டாக்டர். முதல் சீசன் முழுக்க ஒரே ஷிஃப்ட், 15 மணி நேரம், 15 எபிசோடு. வெயிட்டிங் ஹாலில் ஜனம் காத்துக் கிடப்பதைக் காட்டுகிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து வீட்டிலும் ஆஸ்பத்திரியா? சமையல் நிகழ்ச்சி போடுங்கள். சாப்பிட முடியாதவர்களுக்கு அது கஷ்டமோ? தெரியவில்லை. அம்மாவையே கேளுங்கள்.

22 ஜூன், காலை 6.30

அம்மா பழைய பாட்டு நிகழ்ச்சிதான் கேட்டாராம். நல்லது.

9ஆம் தேதி நான் எழுதியதை யாரோ வாட்ஸப்பில் அனுப்பி, தம்பி படித்துவிட்டான். நேற்று இரவு போன் வந்தது. “அன்னிக்கு உனக்குத் தெரியுமா? தெரிஞ்சே சும்மா நின்னியா?” என்று கேட்டான். தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை, ஃபேன் ஓடுவது மட்டும் கேட்டது. அப்புறம் “அந்த டாக்டர் பொண்ணு அழுதுச்சு, நீ பார்த்தியா?” என்றான். நான் பார்க்கவில்லை. பச்சை விளக்கைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டுப் பக்கம் திரும்பி நின்று துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாராம், பிறகு உள்ளே போய் நேரம் எழுதினாராம், 2.52.

ஒரு மணி நேரம் பேசினோம். மற்றதை இங்கே எழுதுவதற்கில்லை.